ஹால்வரின் துப்பாக்கிக்கு மெருகு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை ஆர்லிஸ் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

பத்தொன்பது வருடமாக அந்த இரும்புக்கடையின் துப்பாக்கிப் பகுதியில் நிற்கிறவள். உதட்டுச்சாயம் என்ற ஒன்று தன் வீட்டில் இருப்பதையே மறந்துபோனவள். முதலாளி லாயிட் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன ஆர்லிஸ், யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல முதலாளி, சாவு. ஆள் இன்னும் வந்து சேரல."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினார். வேட்டைப் பருவம் தொடங்க மூன்றே நாள் இருக்கும்போது அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் தொலைபேசியில் அவள் சொன்னதைப் படித்தவர்களுக்கு, அது யாருடைய சாவு என்று புரிந்திருக்கும். விட்டுப்போனவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஆர்லிஸின் அப்பா ஹால்வர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டாம் வருடம் வாங்கிய ஒரே ஒரு வேட்டைத் துப்பாக்கியைச் சாகும்வரை வைத்திருந்தார். அந்த ரகத்தில் அந்த வருடம் வந்தவை கொஞ்சம்தான். பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வரும் பழைய துப்பாக்கி வியாபாரி பிக்ஸ்பி, ஒரு நல்ல குதிரையும் சேணமும் வாங்குகிற விலை தருகிறேன் என்று கேட்டும் அவர் அசையவில்லை. "இது ஆர்லிஸுக்கு" என்று ஊரறியச் சொல்லிவைத்திருந்தார். இரண்டு பெண்களில் பன்னிரண்டு வயதிலிருந்து அவரோடு பனியில் மலையேறியவள் அவள்தானே. சின்னவள் மிர்னாவுக்கு வெடிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் ஹால்வரை அடக்கம் செய்த அன்று, ஊரே தேவாலயத்து அடித்தளத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மிர்னாவின் புருஷன் டுவேன், ஐஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். நேரே மாமனார் வீட்டுக்குப் போய்ச் சுவரிலிருந்த துப்பாக்கியை இறக்கித் தன் பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் சொருகிக்கொண்டான். கேட்டதற்கு, "மாமா கடைசி நாள்ல என் கையைப் பிடிச்சுக் குடுத்தாரு" என்றான். செத்தவரிடம் போய்க் கேட்கவா முடியும்?

ஐஸும் வாங்கி வந்தான் பாவி.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அந்தத் துப்பாக்கியால் ஒரு எல்க் மானைச் சுட்டு, அதன் கொம்பைப் பிடித்துப் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுவருவான். வேட்டைக்காரர்களின் படங்களைக் கடைச் சுவரில் ஒட்டுவது ஆர்லிஸின் வேலை. நாலு படத்தையும் அவளே தன் கையால் குத்தி மாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு ஊசியும் தன் நெஞ்சில் இறங்கியது போல்தான் அவளுக்கு இருந்தது.

இந்த நிலையில் போன வெள்ளிக்கிழமை மிர்னா கூப்பிட்டாள். நாலு வருடமாகப் பேச்சே அரிது.

"அக்கா, அப்பா துப்பாக்கியை வித்துடலாம்னு அவர் சொல்றார். வியாழக்கிழமை பிக்ஸ்பி உங்க கடைக்கு வருவார் இல்ல? எப்படிக் கொண்டு வந்தா நல்ல விலை போகும்?"

இதற்கு நியாயமான பதில் ஒன்றுதான். துடைக்கக்கூடத் துடைக்காதே, இருக்கிறபடி கொண்டு வா. ஆர்லிஸ் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"மரக் கட்டையை நல்லா உப்புத்தாள் போட்டுத் தேச்சு வார்னிஷ் அடிங்க. குழலையும் பழைய நிறம் போகத் தேச்சுட்டுப் புதுசா நீல மருந்து பூசுங்க. புதுசு மாதிரி பளபளன்னு இருக்கணும்டி. தாளும் மருந்தும் நானே அனுப்பறேன். காசெல்லாம் வேண்டாம்."

அன்று மாலையே ஊர் ஊராக ரொட்டி போடும் வண்டிக்காரனிடம் பொட்டலம் போய்விட்டது. அன்றிரவு ஆர்லிஸ் நாலு வருடத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

முதலில் வந்தவர் ஊருக்குப் புதிதாக வந்த பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டார்.

"இது எப்படி?" என்று துருப்பிடிக்காத குழலும் பிளாஸ்டிக் கட்டையுமாக இருந்த ஒன்றைக் காட்டினார். "பத்து வருஷம் கழிச்சு வித்தா போட்ட காசு வருமா?"

"டாக்டர், சுடறதுக்கு வாங்கறீங்களா, விக்கிறதுக்கு வாங்கறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் கேட்டீங்களா?"

டாக்டர் சிரித்தார். ஆர்லிஸ் அதை வாங்கித் திரும்ப மாட்டினாள். "இது மழைக்கும் பனிக்கும் நல்லது, பொய் சொல்லல. ஆனா விலையில பழைய கார் மாதிரி. வாசலைத் தாண்டும்போதே இறங்க ஆரம்பிச்சுடும். அந்தப் பெரிய மேக்னம் தோட்டாத் துப்பாக்கி இன்னும் மோசம். உதைக்கிற உதையில நாலாவது தடவை கண்ணை மூடிக்கிட்டுச் சுடுவீங்க."

கீழ் வரிசையிலிருந்து பழையது ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அக்ரூட் மரக் கட்டை, கருநீலக் குழல், ஓரங்களில் கீறல்கள்.

"கண்ணை மூடித் தோள்ல வையுங்க. இப்பத் திறங்க. குறி நேரா தெரியுதா? அப்ப இது உங்க உடம்புக்குப் பொருந்துது. முதல்ல பார்க்க வேண்டியது அதுதான். ரெண்டாவது, இதுக்குத் தோட்டா எந்தப் பட்டிக்காட்டுக் கடையிலயும் கிடைக்கும். மூணாவது, விலை இறங்கற நஷ்டத்தை முதல்ல வாங்கினவன் பட்டுட்டான். இனிமே இது இறங்காது."

"கீறலா இருக்கே. தேச்சுப் பாலிஷ் போட்டுக்கலாமா?"

"உப்புத்தாளோட இது பக்கத்துல போனீங்கன்னா அன்னிக்கே இது செத்துது" என்றாள் ஆர்லிஸ். "மலையில பட்ட கீறல் இதுக்குக் கௌரவம். தொழிற்சாலையில பூசின நிறம் மங்கியிருந்தாலும் அது அதோட சொந்த நிறம். பழைய வெள்ளிக் காசைத் தேச்சுப் பளபளப்பாக்கினா சேர்க்கிறவன் வாங்குவானா? அப்படித்தான். எண்ணெய்த் துணியால துடையுங்க, போதும்."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பியது. டாக்டர் பழையதையே வாங்கிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்குப் பிக்ஸ்பி வந்தார். எழுபது வயது, கம்பளி மேல்சட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி.

"என்னம்மா ஆர்லிஸ், உங்கப்பாவோட துப்பாக்கி வருதாமே! ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு."

"வருது பிக்ஸ்பி சார். காபி குடிங்க."

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேனின் சிவப்புப் பிக்கப் வர வேண்டும். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்க வேண்டும். கடை நிறைய ஆட்கள் இருக்க, இது விலை போகாது என்று பிக்ஸ்பி வாயால் அவன் கேட்க வேண்டும். மாமனார் வீட்டுச் சுவரில் கை வைத்தவன் நடுக்கடையில் வாய் பிளந்து நிற்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் உதட்டுச்சாயம்.

வந்து நின்றது ரொட்டி வண்டி. இறங்கியவள் மிர்னா. கையில் அம்மா தைத்த பழைய போர்வையில் சுற்றிய நீளமான மூட்டை.

"அவன் எங்கேடி?"

"மலையில கூடாரம் போடப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமையே போயாச்சு."

ஆர்லிஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே! போகட்டும், செய்தி போய்ச் சேரும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மிர்னா மூட்டையை மேஜைமேல் வைத்துப் போர்வையை விலக்கினாள்.

துப்பாக்கி மினுமினுத்தது. கட்டை தேன் நிறத்தில் பளபளத்தது. குழல் அட்டைக் கருப்பாக இருந்தது. ஆர்லிஸின் கண் அவளை மீறி ஓர் இடத்துக்குப் போனது. கட்டைக்குச் சற்று முன்னால், முப்பத்தெட்டு வருடம் அப்பா ஒரு கையில் தூக்கி நடந்து நடந்து நிறம் போய், வெள்ளி போல் தேய்ந்திருந்த இடம். சின்ன வயதில் அவர் பின்னாலேயே ஏறும்போது அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் அடி வைப்பாள். அந்த இடம் இப்போது இல்லை. அப்பாவின் கையையே யாரோ தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

யாரோ என்ன, நான்தான் என்று நினைத்தாள்.  அப்புறம் அந்த ஐஸ் மூட்டை ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு தேச்சது?"

"நான்தான் அக்கா. மூணு நாளா துணி துவைக்கிற அறையில உட்கார்ந்து." மிர்னா விரல்களைக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் மருந்து ஏறிக் கருத்திருந்தது. "அழகா வந்திருக்கு இல்ல? இவ்வளவு நல்லா வரும்னு நானே நினைக்கல."

பிக்ஸ்பி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.  பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலில் பொறித்திருந்த எழுத்துகளின் மேல் நகத்தை ஓட்டினார். பாதி எழுத்து மழுங்கியிருந்தது. திருகாணிகளைச் சுற்றி இரும்பு குழிந்திருந்தது. கட்டையின் கூரான விளிம்புகளெல்லாம் சோப்புக்கட்டி போல் உருண்டிருந்தன.

"யாரம்மா இந்த வேலையைச் செய்யச் சொன்னது?"

மிர்னா அக்காவைப் பார்த்தாள். 

"ஆர்லிஸ், நீ இங்கே இருக்கும்போதா இது நடந்துச்சு?"

"என் கையிலயா இருந்துச்சு சார்? நாலு வருஷமா யார் கையில இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் ஆர்லிஸ், கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி.

பிக்ஸ்பி தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "தாயீ," என்றார் மிர்னாவிடம், "இதை நான் வாங்க முடியாது. முந்தி ஒரு குதிரைக்கும் சேணத்துக்கும் கேட்டேன். இன்னிக்கு இதை யாராவது வேட்டை பழகறவனுக்குக் குடுத்தா, சேணத்துக்கு அடியில போடற துணி வாங்கலாம். அவ்வளவுதான்."

"தேச்சதுக்காகவா?"

"தேச்சதுக்காகத்தான்."

அவர் ஹால்வருக்கு மரியாதை செய்வது போல அந்தப் பளபளக்கும் கட்டையை ஒரு தடவை தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆர்லிஸ் காத்திருந்தாள். இப்போது மிர்னா அழுவாள், ஐயோ அவர் கொன்னுடுவாரே என்பாள், போய் உன் புருஷன்கிட்ட சொல்லு, திருடினது ஒட்டாதுன்னு என்று ஆர்லிஸ் சொல்ல வேண்டும். நாலு வருடமாகத் தயார் செய்த வசனம் அது.

மிர்னா அழவில்லை. வண்ணப்பூச்சு டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்து, கருத்த விரல்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"உன்மேல ஒண்ணும் தப்பு இல்ல அக்கா" என்றாள். "நீ சரியாத்தான் சொல்லியிருப்பே. நான்தான் கூறு இல்லாம அதிகமாத் தேச்சுட்டேன். நீ மனசுல வச்சுக்காதே."

ஆர்லிஸுக்கு அந்த வசனம் பாதிதான் வந்தது.

"போய் உன் புருஷன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"அவனுக்குத் தெரியாது."

"என்னது?"

"விக்கச் சொன்னது அவன் இல்ல அக்கா. நான்தான் பொய் சொன்னேன். நான் விக்கிறேன்னு சொன்னா நீ காரணம் கேட்பேன்னு பயம்." மிர்னா குரலைத் தாழ்த்தினாள். "கிரேட் ஃபால்ஸ் டவுன்ல ஒரு அறை பார்த்து வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துச் சமையலறையில வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. முன்பணம் கட்டணும். என் கையில அவன் ஒத்தைக் காசு விட்டு வைக்கிறது இல்ல. வண்டியைக்கூட விட்டுட்டுப் போறான்னா, மைல் கணக்கை எழுதி வச்சுட்டுத்தான் போறான். ரெண்டு மைல் கூட ஓடியிருந்தா எங்க போனேன்னு கேட்டு விடிய விடிய தூங்க விடமாட்டான். அதான் ரொட்டி வண்டியில வந்தேன்."

"அடிக்கிறானா?"

மிர்னா சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதுவே பதிலாகப் போதும்.

"சனிக்கிழமை அவன் இறங்கி வர்றதுக்குள்ள போயிடலாம்னு இருந்தேன்" என்றாள். "அந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அப்பாவோட துப்பாக்கி ஒண்ணுதான். அது உனக்குச் சேர வேண்டியதுன்னு தெரியும். அங்க போய் உனக்குக் கடுதாசி எழுதி மன்னிப்புக் கேட்கலாம்னு நினைச்சேன்."

ஆர்லிஸ் சும்மா இருந்திருக்கலாம். தங்கையே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டுவிட்டாள், விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் அந்தக் கருத்த நகங்களைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீ அதிகமாத் தேய்க்கல மிர்னா. ஒரு தடவை தேச்சாலே போச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

மிர்னா நிமிர்ந்து பார்த்தாள். 

"தெரிஞ்சா?"

"அவனுக்கு ஒரு காசு கிடைக்கக் கூடாதுன்னு. நாலு பேர் முன்னாடி அவன் அசிங்கப்படணும்னு."

"அந்த மருந்து பாட்டிலை அனுப்பினப்பவே?"

"ஆமா."

"காசு வேண்டாம்னியே அக்கா."

"ஆமாடி."

மிர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டு நான் அழுதேன் தெரியுமா? நாலு வருஷத்துக்கு அப்புறம் அக்காவுக்கு என்மேல இருந்த கோவம் தீர்ந்துடுச்சுன்னு. அந்தச் சந்தோஷத்துலதான் மூணு நாள் கை வலிக்க வலிக்கத் தேச்சேன்."

 தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது ஆர்லிஸுக்கு.

"என் வீட்டுக்கு வந்துடு" என்றாள். "முன்பணம் நான் தர்றேன். சம்பளம் சனிக்கிழமை வந்துடும்."

"அவன் முதல்ல தேடி வர்ற இடமே உன் வீடுதான்."

அப்போதுதான் முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். "ஆர்லிஸ், உனக்குத்தான் போன்!"

எடுத்தாள். பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தம்.

"என்ன ஆர்லிஸ் அக்கா, சௌக்கியமா?" டுவேனுக்கு அவளைக் கேலியாகத்தான் கூப்பிடத் தெரியும். "மேல இடுப்பு வரைக்கும் பனி. கூடாரம் போட்டாச்சு, இறங்கிட்டேன். ரெண்டு பெட்டி தோட்டா எடுத்து வை. நாளைக்குக் காலையில துப்பாக்கியைக் குறி சரிபார்க்கணும்."

கை தானாக அலமாரிக்குப் போனது. பத்தொன்பது வருடப் பழக்கம். இரண்டு பெட்டியையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போன் பண்ணேன், மிர்னா எடுக்கல. எங்க போயிருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாதுதான். உங்களுக்குள்ளதான் பேச்சே கிடையாதே." சிரித்தான். "பரவாயில்ல, வீட்டுக்கு வந்து பார்த்துக்கறேன். சுவத்துல எனக்கு ஒரு இடம் விட்டு வை. மாமா துப்பாக்கி இந்த வருஷமும் உனக்கு ஒரு நல்ல படம் குடுக்கும்."

வைத்துவிட்டான். ஆர்லிஸுக்குக் காது கொதித்தது. நாலு வருடமாக அவன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் ஒன்றுமே இல்லை, இப்போதுதான் தொடங்குகிறது என்று தோன்றியது. ஐஸ் மூட்டையாவது, படமாவது! வீட்டுக்குள் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்து மைல் எண்ணுகிறவனை விட்டுவிட்டு, இவ்வளவு நாளும் ஒரு துப்பாக்கிக்காகப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்கேருந்து பேசினான்?" என்றாள் மிர்னா.

"அடிவாரத்து மதுக்கடையிலிருந்து."

"அப்ப ரெண்டு மணி நேரம்." மிர்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள வந்ததும் துப்பாக்கி மாட்டற சுவரைத்தான் பார்ப்பான். இல்லைன்னாலும் கேட்பான், இப்படிப் பளபளன்னு மாட்டியிருந்தாலும் கேட்பான்."

"நீ அங்கே போக வேண்டாம்டி."

"போகலைன்னா இங்கே வருவான்."

மிர்னா எழுந்து மேஜைக்கு வந்தாள். போர்வையை ஒதுக்கிவிட்டுத் துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தாள். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறவள் அதைப் பிடித்திருந்த விதத்தில் நடுக்கமே இல்லை. மூன்று நாள் தேய்த்த கைக்கு அதன் ஒவ்வொரு அங்குலமும் பழகியிருந்தது.

பக்கத்திலேயே டுவேன் கேட்ட இரண்டு பெட்டியும் இருந்தன. மிர்னா அவற்றைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "விலைதானே போச்சு? சுடும் இல்ல?"

ஆர்லிஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏதோ கெட்டுவிட்டது, வெடித்துவிடும், தொடாதே என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தங்கையிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. டுவேன் சிரித்த சிரிப்பும் இன்னும் காதிலேயே இருந்தது.

"சுடும்" என்றாள்.